முப்பத்தோர் எழுத்தும் கால் கிலோ இஞ்சியும்

மேசையில் இருந்த கீபோர்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார் அவர். உள்ளேயிருந்து விழுந்தது இஞ்சி. மண்கூடப் போகாத பச்சை இஞ்சி. கால் கிலோ இருக்கும்.

"மேடம், அஞ்சு ஆளுக்கு இது போதுமா?"

மத்தியான நேரம். கரண்ட் போயிருந்தது. ஒரு அட்டையால் விசிறிக்கொண்டு, மத்திகிரி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம் செரிக்கட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் கடை ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தது. தொழிற்சாலைகளுக்கு எச்சரிக்கை போர்டு செய்து கொடுக்கும் ஸ்டிக்கர் கடை. எங்களுக்கும் இஞ்சிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

"மளிகைக் கடை எதிர் வரிசையில இருக்கு சார்" என்றேன்.

"தெரியும் மேடம், அங்கதான் வாங்கினேன்." ஹெல்மெட்டைக் கழற்றாமல் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு பேசினார். முகம் வேர்த்து வழிந்தது. "ஒரு ஆளுக்கு எத்தனை துண்டுன்னு போர்டுல போடலையே. ஔடதம்னு போட்டிருக்கு, அது எந்த மாத்திரைன்னும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆடிட் மேடம். நீங்கதானே செஞ்சு குடுத்தீங்க? நீங்களே சொல்லிடுங்க."

ஔடதம் என்ற சொல்லைக் கேட்டதும் விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தேன்.

அந்தச் சொல்லை ஓசூரில் அப்போது உபயோகித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். அதுவும் ஒரே ஒரு வாக்கியத்தில். அந்த வாக்கியம் என் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவே கூடாத வாக்கியம். அது எப்படி ஒரு தொழிற்சாலைச் சுவரில் ஏறியது என்று சொல்வதற்கு முன்னால், அது எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கட்டம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு முனிராஜண்ணனைத் தெரிந்திருக்கும். கடை முதலாளி. புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி: கோபம் வந்தால் தெலுங்கிலும், கொஞ்சினால் கன்னடத்திலும், வேலை வாங்கும்போது தமிழிலும் பேசுவார். மூன்றிலும் வெளுத்து வாங்குவார்.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துருக்கள் எங்களுக்கு ஏதோ ஒரு சிடியில் வந்து சேரும். யார் செய்தது, யார் காப்பி எடுத்தது, ஒன்றும் தெரியாது. ஒரு சிடியில் நாற்பது ஐம்பது எழுத்துரு இருக்கும். எல்லாமே பார்க்க ஜம்மென்று இருக்கும். அடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஒன்றில் ஃ இருக்காது. இன்னொன்றில் ஏ இருக்காது. இல்லாத எழுத்துக்குப் பதிலாக ஒரு காலிக் கட்டம் வந்து நிற்கும்.

இரும்புக்கடைக்காரர் ஒருவருக்கு "எஃகு வியாபாரம்" என்று பெயர்ப்பலகை செய்தோம். நடுவில் ஃ இருக்க வேண்டிய இடத்தில் சதுரக் கட்டம். நான் நடுங்கிப் போனேன். அவரோ போர்டைத் தூரத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "தகடு படம் போட்டிருக்கீங்க, நல்லாத்தாங்கம்மா இருக்குது. இன்னுங் கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாம்" என்றார்.

எல்லாரும் அப்படி இல்லை. சானமாவுப் பக்கம் ஒரு ஊருக்கு, யானை கடக்கும் பாதையில் வைக்க போர்டு கேட்டார்கள். "யானைகள் வரும் வழி. அங்கங்கே நிற்காதீர்கள்." இந்தத் தடவை எழுத்துருவில் ங் இல்லை. அதைக் கவனிக்காமல் கொடுத்து அனுப்பிவிட்டோம். இரண்டு நாள் கழித்து அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் போன் செய்தார்.

"ஏங்க, போர்டுல ரெண்டு கட்டம் போட்டிருக்கீங்களே. ஆனை வந்தா அந்தக் கட்டத்துலதான் நாங்க நிக்கோணுங்களா? கட்டம் எங்கீங்க இருக்குது? தேடிப் பாத்துட்டோம், ஒன்னுங் காணோம்."

முனிராஜண்ணன் அன்றைக்கே வேனில் போய், போர்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். வந்ததும் தெலுங்கில் ஐந்து நிமிடம் பேசினார். பிறகு தமிழுக்கு மாறினார்.

"ஏம்மா செல்வி, இங்கிலீஷ்காரன் ஒரு வரி வெச்சிருக்கான் பாத்தியா, நரி ஒன்னு நாயைத் தாண்டும். எழுத்து அத்தனையும் அதுல வந்துரும். ஃபான்ட் வந்ததும் அதை அடிச்சுப் பாத்தா போதும். தமிழ்ல அப்படி ஒன்னு இல்லியா?"

"தெரியலையேண்ணா."

"இல்லீன்னா நீ பண்ணு."

ஔ படுத்திய பாடு

ஆங்கிலத்துக்கு இருபத்தாறோடு முடிந்தது கதை. நமக்கு இருநூற்று நாற்பத்தேழு. அத்தனையையும் ஒரு வாக்கியத்தில் அடைத்தால் அது வாக்கியமாக இருக்காது, கல்யாண வீட்டுச் சாமான் லிஸ்டாக இருக்கும். அதனால் நானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஃ ஒன்று. மொத்தம் முப்பத்தொன்று. இவை இருந்தால் மற்றவை இருக்கும் என்று நம்பிக்கை.

மத்திகிரி டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே வேலைதான். டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி எழுதிப் பார்ப்பேன். கண்டக்டர் ஒருநாள், "என்னம்மா, தினமும் ரிப்போர்ட் எழுதறீங்களா? என்னைப் பத்தியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரு வாரம் அவர் எனக்குச் சில்லறையைச் சரியாகக் கொடுத்தார்.

மற்ற எழுத்துகள் சொன்னபடி கேட்டன. ஃ கூடப் பரவாயில்லை. நான் இருப்பது தொழிற்பேட்டை ஊர், எஃகு என்று போட்டால் ஆயிற்று. ஔதான் படுத்தி எடுத்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் வரைந்திருக்கும் அட்டவணைக்கும் பாடப் புத்தகத்துப் பாட்டியின் பெயருக்கும் வெளியே அந்த எழுத்தை நான் பார்த்ததே இல்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் ஔடதம் பிடிபட்டது. மருந்து என்று அர்த்தம். மருந்துக் கடைக்காரருக்கே தெரியாத சொல்.

பத்துப் பதினைந்து நாள் மல்லுக்கட்டிய பிறகு, ஒரு சாயங்காலம் இந்த வாக்கியம் கையில் வந்தது:

"ஔடதம் உண்ட ஐந்து ஆட்கள் எஃகு ஏணியில் ஒவ்வொருவராய் ஏறி, ஊதல் ஓசை கேட்டதும் ஈரக் கையால் இஞ்சி தின்று, கீழ்ப்புறம் பார்த்துச் சிரித்தபடி அங்கேயே நிற்கவும்."

எண்ணிப் பாருங்கள். முப்பத்தொன்றும் இருக்கும்.

கடைசியில் "நிற்கவும்" என்று ஏன் முடிந்தது என்று நீங்கள் கேட்கலாம். நாள் முழுக்க "கையுறை அணியவும்", "மின்சாரத்தை நிறுத்தவும்" என்று அடித்துக்கொண்டிருப்பவளுக்கு வேறெப்படி முடிக்க வரும்? எனக்குக் கனவுகூட அப்போதெல்லாம் "வும்" என்றுதான் முடியும்.

எனக்கு ஒரே பெருமை. முனிராஜண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அர்த்தம் எப்படியோ போவட்டும், ஒழுங்கா கம்பெனி போர்டு மாதிரியே இருக்கும்மா" என்றார். அவர் வாய் முகூர்த்தம், அப்படியே பலித்துவிட்டது.

கையெழுத்து இருந்தால் வெட்டு

இப்போது விபத்துக்கு வருகிறேன்.

தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை பத்து போர்டு கேட்டது. ஒன்பதுக்கு வாசகம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பத்தாவது அப்புறம் தருகிறோம் என்றார்கள். நான் எப்போதும் செய்கிற மாதிரி, பத்து போர்டிலும் முதலில் என் சோதனை வாக்கியத்தைப் போட்டு, எழுத்தின் அளவைச் சரி பார்த்தேன். பிறகு ஒன்பதில் அதை அழித்துவிட்டு உண்மையான வாசகத்தைப் போட்டேன். பத்தாவதில் அது அப்படியே நின்றது. அது பாட்டுக்கு நிற்கட்டும் என்று, விருதுநகர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டுப் போய்விட்டேன்.

எங்கள் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. வாசகத்தைத் தாளில் எடுத்துக் கொடுப்போம். கம்பெனி ஆள் படித்துப் பார்த்து, ஓரத்தில் தேதி போட்டு, "ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இருந்தால் முனிராஜண்ணன் ஸ்டிக்கரை மெஷினில் விட்டு வெட்டிவிடுவார். கையெழுத்து இல்லாவிட்டால் கடவுளே வந்து கேட்டாலும் வெட்ட மாட்டார்.

நான் இல்லாத நாளில் அந்தக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். பத்துத் தாளிலும் "ஓகே" போட்டார். முனிராஜண்ணன் பத்தையும் வெட்டினார்.

பத்தாவதை அவர் படித்துப் பார்க்கவில்லையா? இங்கேதான் எங்கள் ஊரின் அழகு இருக்கிறது. முனிராஜண்ணனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அவர் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடத்தில். தமிழ் போர்டுக் கடை முதலாளிக்குத் தமிழ் படிக்க வராது என்பது ஓசூரில் ஒரு விஷயமே இல்லை. மூன்று பாஷை பேசுவார்கள், ஒன்றைத்தான் படிப்பார்கள். எது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் மரியாதை இல்லை.

சரி, "ஓகே" போட்ட ஆளாவது படித்திருக்கலாமே?

அந்த ஆள்தான் இப்போது இஞ்சியோடு என் எதிரில் நின்றார்.

கோப்பில் ஒன்று, சுவரில் ஒன்று

அவர் பெயர் மஞ்சுநாத். அத்திப்பள்ளிக்காரர். மாநில எல்லையைத் தாண்டி தினமும் பைக்கில் வந்து வேலை பார்ப்பவர். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவர் சொல்லச் சொல்ல விஷயம் எனக்கு விளங்கியது.

பத்து போர்டும் போன மாதமே சுவரில் ஏறிவிட்டன. ஒன்பதுக்கு இடம் எழுதியிருந்தது. பத்தாவதுக்கு எழுதவில்லை. மாட்ட வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏணிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஏணி என்ன ஏணி? எஃகு ஏணி.

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தேன். ஒரு இஞ்சி உருண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்து மறுபடி மேசையில் வைத்தார்.

"என்ன மேடம் சிரிக்கிறீங்க?"

உண்மையைச் சொன்னேன். எழுத்துருவைச் சோதிக்க நான் கட்டிய வாக்கியம் அது, அதற்கு அர்த்தமே கிடையாது என்றேன்.

மஞ்சுநாத் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அய்யோ தேவ்ரே" என்றார்.

"அங்க அத்தனை பேர் தமிழ் படிக்கிறவங்க இருக்காங்களே, ஒருத்தர்கூடவா கேக்கல?" என்றேன்.

"கேட்டேன் மேடம். பேச்சிமுத்துன்னு ஒருத்தர், உங்க தெக்கத்தி ஆள். இன்னிக்குக் காலையில அவர்தான் எனக்குப் படிச்சுக் காட்டினார். ஒரு மாசமா ஏன் சொல்லலைன்னேன். 'கம்பெனியில காலையில கையத் தட்டச் சொல்லுதிய, தட்டுதோம். ஜப்பான் பேச்சுல கத்தச் சொல்லுதிய, கத்துதோம். இதையும் என்னைக்காவது சொல்லுவியன்னு இருந்தோம்'ங்கறார்."

"படிச்சுக் காட்டினாரா? ஏன், நீங்க?"

அவர் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்டர்வியூல ஒரு ஃபாரம் குடுத்தாங்க. தமிழ் பேச, படிக்க, எழுத வருமான்னு. மூணுக்கும் டிக் போட்டேன். பேச வரும். மத்த ரெண்டும் சேந்தப்புறம் கத்துக்கலாம்னு இருந்தேன். இங்க படிக்கத் தெரிஞ்ச ஆள்தான் வேணும், போர்டெல்லாம் என் பொறுப்பு. அடுத்த மாசம் கன்ஃபர்மேஷன் மேடம். வெள்ளிக்கிழமை ஆடிட்ல இது மாட்டுச்சுன்னா, படிக்காம கையெழுத்துப் போட்டது தெரிஞ்சுபோகும். அவ்வளவுதான், நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

என் சிரிப்பு அப்போதுதான் நின்றது. தப்பு என்னுடையது. அழிக்காமல் ஊருக்குப் போனது நான். வேலை போகப்போவது இவருக்கு.

"இதுல என்ன சார் இருக்கு? வேற போர்டு அடிச்சுத் தர்றேன். கழட்டிட்டு அதை மாட்டுங்க."

"முடியாது மேடம். பத்து போர்டையும் போட்டோ எடுத்து ஆடிட்டருக்குப் போன வாரமே கோப்பு அனுப்பிட்டாங்க. கோப்புல ஒன்னு, சுவர்ல ஒன்னு இருந்தா என்.சி. போட்டுருவார்."

என்.சி. என்பது தொழிற்சாலைகளில் எமன் மாதிரி. சொன்னபடி நடக்கவில்லை என்று ஆடிட்டர் எழுதும் குறிப்பு. போர்டில் இருப்பது நடக்க வேண்டும், நடப்பது போர்டில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வேதம். அதனால்தான் இந்த மனிதர் போர்டு சரியா தப்பா என்று யோசிக்காமல் நேராக இஞ்சி வாங்கப் போயிருக்கிறார்.

இஞ்சியைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப ஒரே வழிதான் இருக்கு. அதை நடத்திக் காட்டிடுங்க" என்றேன்.

ஒரு தாளை எடுத்து அங்கேயே விளக்கம் எழுதினேன். தண்ணீர்த் தொட்டி கழுவ மாதம் ஒரு முறை ஐந்து பேர் ஏறுவார்கள். ஏறும் முன் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடிப்பார்கள், அதுதான் ஔடதம். மேலே போனதும் கீழிருந்து ஊதல் ஊதப்படும். கையைக் கழுவிவிட்டு, தலைசுற்றாமல் இருக்க இஞ்சி மெல்லுவார்கள். கீழே பார்த்துச் சிரிப்பார்கள். யார் சிரிக்கவில்லையோ அவருக்கு மயக்கம் வருகிறது என்று அர்த்தம், உடனே இறக்கிவிட வேண்டும்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், எனக்கே பயமாகப் போய்விட்டது. அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

பெட்ரோல் டேங்க் பாடம்

இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. ஆடிட்டர் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, போர்டைப் படிக்கச் சொல்லுவாராம். மஞ்சுநாத் வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிடுகிறேன் என்றார். இரண்டு தடவை கேட்டதும் ஒப்பித்தும் காட்டினார்.

"ஒப்பிச்சா போதாது. எழுத்தைத் தெரிஞ்சுக்குங்க. இதுல முப்பத்தொன்னும் இருக்கு. இதைப் படிக்கத் தெரிஞ்சா எதையும் படிக்கலாம்" என்றேன். சும்மா ஒரு வாத்தியார் மிடுக்கில் சொன்னது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் கடைக்கு வந்தார். வெட்டிய ஸ்டிக்கரில் மிச்சப்பட்ட எழுத்துகள் எங்களிடம் கூடை கூடையாகக் கிடக்கும். முப்பத்தொன்றைப் பொறுக்கி அவர் பைக்கின் பெட்ரோல் டேங்கில் வரிசையாக ஒட்டிவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவர் கன்னடத்தில் பேனாவால் குறித்துக்கொண்டார். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் குனிந்து டேங்கைப் பார்த்து முணுமுணுப்பாராம். டிராபிக் போலீஸ்காரர் ஒருவர் கிட்டே வந்து பார்த்து, மந்திர எழுத்து என்று நினைத்து, "யாருப்பா வெச்சுவிட்டது? எந்தக் கோயில்?" என்று கேட்டிருக்கிறார்.

கொம்பும் காலும் சுழியும் போடுவது கன்னடத்திலும் உண்டு என்பதால் அது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. ஆனால் குறை சொல்லாமல் அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு க வெச்சுக்கிட்டு நாலு எழுத்து வேலை வாங்கறீங்களே மேடம், அதுக்கு ஓவர்டைம் உண்டா?"

"வாயடிக்காதீங்க, படிங்க."

"இந்த ழ் எங்க லிஸ்ட்லயே இல்லை. கீள்ப்புறம்னு சொன்னா என்.சி. போடுவாங்களா?"

"நானே போடுவேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த வாக்கியத்தை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்துவிட்டார். மூன்று நிமிடம் ஆனது. முனிராஜண்ணன் எட்டிப் பார்த்து, "பரவாயில்லியே, எனக்கு முன்னாடி கத்துக்கிட்டியே" என்று கன்னடத்தில் கொஞ்சினார்.

ஏணியில் ஐந்து பேர்

வெள்ளிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். போர்டுகளுக்கு நம்பர் ஒட்டவில்லை என்று கடைசி நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒன்று முதல் பத்து வரை ஒட்டி முடிப்பதற்குள் ஆடிட்டர் வந்துவிட்டார். வெளியே போக வழியில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஆடிட்டர் வடக்கத்திக்காரர். நல்ல உயரம், தோளில் பை, மூக்குக்குக் கீழே இறங்கிய கண்ணாடி. கூடவே மேனேஜரும், மொழிபெயர்க்க அலுவலகத்தில் வேலை செய்யும் தஞ்சாவூர்ப் பெண் ஒருவரும் வந்தார்கள். ஒன்பது போர்டையும் கோப்போடு ஒப்பிட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தவர், பத்தாவதில் நின்றார்.

மஞ்சுநாத் ஊதலை ஊதினார்.

அதற்கு முன்பே உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு ஒவ்வொருவராக ஏறி, ஐந்து பேரும் தயாராக மேலே நின்றிருந்தார்கள். பேச்சிமுத்துதான் முதல் ஆள். கையைக் கழுவினார்கள், இஞ்சியை வாயில் போட்டார்கள், கீழே பார்த்துச் சிரித்தார்கள். நான் பார்த்த மட்டில் உலகத்திலேயே அப்படி ஒரு சிரிப்பு வேறெங்கும் கிடையாது. காரத்தில் பேச்சிமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ஆனால் சிரிப்பை விடவில்லை.

ஆடிட்டர் போர்டைப் படிக்கச் சொன்னார். மஞ்சுநாத் கடகடவென்று ஒப்பித்தார். வாய்ப்பாடு மாதிரி, மூச்சு விடாமல், போர்டைக்கூடப் பார்க்காமல்.

போர்டைப் பார்க்காமல் சொன்னதுதான் வினையாகிவிட்டது. ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார். பிறகு திரும்பி, தூரத்தில் ஒரு போர்டைக் காட்டி ஏதோ சொன்னார். "அந்த நாலாம் நம்பரைப் படிக்கச் சொல்றார்" என்றார் தஞ்சாவூர்ப் பெண்.

நாலாம் நம்பரை நாங்கள் படித்துப் பார்க்கவே இல்லை.

மஞ்சுநாத் அந்த போர்டுக்கு முன்னால் போய் நின்றார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏணி மேலே ஐந்து பேரும் இறங்கவும் முடியாமல், சிரிப்பை நிறுத்தவும் முடியாமல் நின்றார்கள்.

மஞ்சுநாத்தின் வலது கை இடுப்பு உயரத்தில் காற்றில் எதையோ தடவியது. பெட்ரோல் டேங்க் இருக்க வேண்டிய உயரம் அது.

"இ..." என்றார்.

"இ... யந்... திரம்."

அவர் நெற்றியில் வேர்வை. "ஓ... டும்... போது. உள்... ளே." ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து, அது இஞ்சியில் வந்ததா, ஏணியில் வந்ததா, ஐந்து ஆட்களில் வந்ததா என்று அவர் மனசுக்குள் ஓடிப் பார்ப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. "கை... வி... டா... தே."

தலையைத் தூக்கி, முழுசாக ஒரு தடவை சொன்னார். "இயந்திரம் ஓடும்போது உள்ளே கை விடாதே."

தூணுக்குப் பின்னால் நான் அழுதுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை. கிறுக்குத்தனமாக நான் கட்டிய ஒரு வாக்கியத்துக்குள் இருந்து ஒரு மனுஷன் இன்னொரு வாக்கியத்தை எடுத்துவிட்டான். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஏன் இவ்வளவு மெதுவாகப் படித்தீர்கள் என்று ஆடிட்டர் கேட்டார்.

"எச்சரிக்கை போர்டை வேகமா படிக்கக் கூடாது சார்" என்றார் மஞ்சுநாத்.

தஞ்சாவூர்ப் பெண் மொழிபெயர்த்ததும் ஆடிட்டர் அதை அப்படியே நோட்டில் குறித்துக்கொண்டார். ஏணியில் நின்றவர்களைக் காட்டி, உயரத்தில் வேலை செய்பவர்கள் கீழே இருப்பவரோடு சிரித்துத் தொடர்பு கொள்வது மிக நல்ல முறை, மற்ற ஆலைகளிலும் இதைக் கொண்டுவரலாம் என்றார். மேனேஜர், இது தன்னுடைய யோசனைதான் என்று சொன்னார்.

"சார், எறங்கலாமா? நாக்கு வெந்து போச்சு" என்று மேலேயிருந்து பேச்சிமுத்துவின் குரல் கேட்டது.

கடைசியாக ஒரு கையெழுத்து

அடுத்த மாதம் மஞ்சுநாத்துக்கு வேலை உறுதியானது. எங்களுக்கும் அதே போர்டு இன்னும் இருபது செய்யச் சொல்லி ஆர்டர் வந்தது. எல்லையைத் தாண்டி இருக்கும் ஆலைக்குக் கன்னடத்திலும் வேண்டுமாம். கன்னடத்துக்கு மாற்றிக் கொடுத்தது மஞ்சுநாத். அதில் பாதி எழுத்துகூட வரவில்லை. இஞ்சி மட்டும் வந்தது.

அதற்குப் பிறகு போர்டு வேலை இல்லாத நாளிலும் அவர் கடைக்கு வர ஆரம்பித்தார். டைப் அடிக்கப் பழகுகிறேன் என்பார். ஒரு எழுத்தைத் தேடி அடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். ஒருநாள் நான் டீக்கடைக்குப் போய்விட்டு வந்தபோது, பிரிண்டரில் எடுத்த தாள் ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

"சரிபாத்துக் குடுங்க மேடம்."

பாவம், அவர் தமிழ் படித்ததே போர்டில்தான். அதனால் இப்படித்தான் எழுத வந்திருக்கிறது:

"கவனம். என்னைத் திருமணம் செய்துகொள்ளவும். அவசரப்படாமல் யோசித்து முடிவெடுக்கவும்."

சிரித்துவிட்டு நிமிர்ந்தால், அவர் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

நான் அவசரப்படவில்லை. தாளை மத்திகிரிக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலையில் கடைக்கு வந்ததும், எங்கள் சட்டப்படி ஓரத்தில் தேதி போட்டு, "ஓகே" என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். அவர் போட்ட மாதிரி இல்லை, மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். சாயங்காலம் அவர் வந்தால் கொடுக்கலாம் என்று மேசையிலேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முனிராஜண்ணன் கையெழுத்தைப் பார்த்திருக்கிறார். வேறெதையும் பார்க்க அவருக்கு வராது.

மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து, இரண்டடிக்கு மூன்றடி. பத்தாண்டுகளுக்கு மேலாக அது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.